வலப்பக்கத்துக் கிட்டார்காரர்

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் அண்ணன் மகள் எழுதுவது. இங்கே அம்மா நலம், நான் நலம், பால்கனியில் நீங்கள் வைத்துவிட்டுப் போன செடியும் நலம். அப்பாவும் நலம். அந்தக் கடைசி வரியைப் படித்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அங்கே உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்றும், மாமா இன்னும் காலையில் நடக்கப் போவதாகச் சொல்லிவிட்டு டீக்கடையில்தான் உட்கார்ந்திருக்கிறார் என்றும் நம்புகிறேன்.

இதை போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் போனில் "அப்பா" என்று நான் ஆரம்பித்தாலே "இரும்மா, இன்னொரு லைன்ல கஸ்டமர் வர்றாங்க" என்று வைத்துவிடுகிறீர்கள். வாடகைக் கார் கம்பெனியில் போன் எடுக்கும் வேலையில் அது நடக்கக் கூடியதுதான். ஞாயிற்றுக்கிழமை வீட்டிலிருந்து பேசும்போதும் கஸ்டமர் வருவதுதான் எனக்குப் புரியவில்லை. அதனால் கடிதம். வந்த விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அந்த இரண்டாவது டிக்கெட்டைத் தயவுசெய்து பக்கத்து வீட்டுப் பல் டாக்டருக்குக் கொடுத்துவிடாதீர்கள். அவர் நல்லவராக இருக்கலாம். ஆனால் கிட்டாரும் டிரம்ஸும் இடியாய் இடிக்கிற ஹெவி மெட்டல் கச்சேரிக்கு உங்களோடு வர வேண்டியவர் அவர் இல்லை.

சண்டை எப்படி ஆரம்பித்தது என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனாலும் பக்கத்தில் நின்று கேட்டவள் என்ற முறையில் ஒரு தடவை சொல்லிக்கொள்கிறேன். ஹெவி மெட்டலை ஆரம்பித்து வைத்த அந்தப் பழைய குழுவை நம் வீட்டில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "பெரியவங்க" என்றால் அவர்கள்தான். அவர்களுக்குப் பின்னால் வந்த அத்தனை பேரும் "பசங்க". நீங்கள் டிக்கெட் வாங்கியிருக்கும் குழுவின் பாடகருக்கு முன்மண்டை வழுக்கை, என்னைவிடப் பெரிய பெண் அவருக்கு இருக்கிறாள். இருந்தாலும் பசங்கதான். அன்றைக்கு நீங்கள் "அண்ணா, பசங்க எங்க ஊருக்கு வர்றாங்க, ரெண்டு டிக்கெட் வாங்கிட்டேன், கிளம்பி வா" என்று சந்தோஷமாகத்தான் சொன்னீர்கள். அப்பா ஸ்பீக்கரில் போட்டிருந்தார், அதனால் எல்லாம் கேட்டது. "உன் பசங்க எங்க வாசிக்கிறாங்க? டைப்பு அடிக்கிறாங்க. வேகமா அடிச்சா பாட்டாயிடுமா? அப்படிப் பார்த்தா எங்க பழைய ஆபீஸ் டைப்பிஸ்ட் அம்மாவைத்தான் மேடையில ஏத்தணும்" என்றார் அப்பா. "ஏத்திப் பாரு, உன் பெரியவங்களைவிட நல்லாத்தான் வாசிப்பாங்க. உன் டிரம்மர் தாளத்தைத் தேடிக் கண்டுபிடிக்கிறதுக்குள்ள பாட்டு முடிஞ்சிடுது" என்றீர்கள். "அது தேடறது இல்லடி வாலு, இழுத்துப் பிடிக்கிறது" என்றார். இதுவரைக்கும் பாதகமில்லை, வருஷத்துக்கு நாலு தடவை நடப்பதுதான். அதற்கப்புறம் நீங்கள், "பெரியவங்கள்லயே அந்த ரெண்டாவது கிட்டார்காரர் என்ன பண்ணினாரோ அதைத்தான் பசங்க இன்னும் ஒரு படி மேல கொண்டு போறாங்க" என்றீர்கள். அதற்கு அப்பா சொன்னார்: "எந்த ரெண்டாவது ஆளு? அவர் போட்டோவுக்கு நின்னவர்தானே. வாசிச்சதெல்லாம் ஒரே ஆளு."

அவ்வளவுதான். போன் கட்டானது. அப்பா சார்ஜ் போய்விட்டது என்று நினைத்து, உங்களுக்காக ரொம்ப நேரம் காத்திருந்தார் என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

அதற்கப்புறம் அம்மாதான் தபால் ஆபீஸ். நீங்கள் அம்மாவிடம் பேசுவீர்கள், அம்மா வந்து சுவரைப் பார்த்து, "நாத்தனாருக்கு முழங்கால் வலியாம்" என்பார். "யார் கேட்டா?" என்பார் அப்பா. "நீங்கதான் கேட்டீங்க, தொண்டையைச் செருமினீங்களே" என்பார் அம்மா. மறுநாள் அப்பா எங்கேயோ விசாரித்து ஒரு தைலத்தின் பெயரைத் துண்டுக் காகிதத்தில் எழுதி அம்மாவின் கண்ணாடிக் கூட்டுக்கு அடியில் வைத்துவிட்டுப் போவார். போன மாதம் உங்களுக்கு வந்த தைலம் அம்மா வாங்கியது இல்லை. இதைச் சொல்லக் கூடாது என்று அப்பா சொல்லவில்லை, ஆகவே சொல்கிறேன்.

இப்போது கதைக்கு வருகிறேன். அப்பா பாட்டுக் கேட்கிற முறை உங்களுக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் அம்மா போட்ட ஒரே நிபந்தனை, "நீங்க எதை வேணாலும் கேளுங்க, எனக்குக் கேக்கக் கூடாது" என்பதுதான். அன்றிலிருந்து இயர்போன்தான். ஓய்வு பெற்ற பிறகு காலையில் ஹாலில் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடி, பெரியவங்களோடு சேர்ந்து தலையை ஆட்டிக்கொண்டே இருப்பார். இரண்டு மாதத்துக்கு முன்னால் சமையலறை சுவிட்ச் ஒன்றைச் சரி பண்ண எலக்ட்ரீஷியன் வந்தார். அம்மா கடைக்குப் போயிருந்தார். எலக்ட்ரீஷியன் அப்பாவிடம் வந்து, "சார், இந்த போர்டு பழசு, மாத்திடலாமா?" என்று கேட்டிருக்கிறார். அப்பா பலமாகத் தலையை ஆட்டியிருக்கிறார். "ஹால்லயும் மாத்திடட்டுமா?" அதற்கும் பலமான ஆட்டல். "ஃபேனும் சத்தம் போடுது, புதுசு போட்டுடலாமா?" அந்தப் பாட்டில் அது வேகமெடுக்கிற இடம், அப்பா நாற்காலியோடு ஆடியிருக்கிறார். அம்மா பையோடு திரும்பி வந்தபோது வீட்டில் ஒரு பழைய சுவிட்ச்கூட இல்லை. எலக்ட்ரீஷியன் அம்மாவிடம் மெதுவாக, "இவ்வளவு சந்தோஷமா சம்மதம் சொன்ன வீட்டுக்காரரை என் சர்வீஸ்ல பார்த்ததில்லைங்க" என்றாராம். அம்மா அதற்கப்புறம் அப்பாவிடம் பேசிய எதையும் இங்கே எழுதவில்லை. ஆனால் பேசும்போது அம்மா அவருடைய வலது பக்கம் நின்றுகொண்டிருந்தார், அப்பா மட்டும் நிம்மதியாக பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அம்மா இடது பக்கம் வந்ததும்தான் திடுக்கிட்டு, "எப்ப வந்தே?" என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. காலையிலிருந்து மாலை வரை கண்ணாடி அறைக்கு வெளியே உட்கார்ந்து ஊரார் காதுகளைச் சோதிப்பது என் வேலை. யார் எந்தப் பக்கம் தலையைச் சாய்க்கிறார்கள் என்று பார்த்தே பாதியைச் சொல்லிவிடுவேன் என்று எங்கள் டாக்டரம்மாவே பாராட்டியிருக்கிறார். சாப்பாட்டு மேஜையில் எதிரே உட்கார்ந்திருப்பவர் விஷயத்தில் அந்தப் புத்தி வேலை செய்யவில்லை. அம்மாவும் நானும், அப்பா காதில் வாங்கிக்கொள்ளாதது அப்பாக்களுக்கே உரிய சுபாவம் என்று இருந்துவிட்டோம்.

டெஸ்டுக்கு வாருங்கள் என்றால் வருவாரா? "என் காதுக்கு என்ன? பேஸ் கிட்டார்ல கம்பி மாத்தினாக்கூட கண்டுபிடிச்சிடுவேன்" என்றார். அதனால் வேறு மாதிரி சொன்னேன். எங்கள் அறையைப் போல அமைதியான அறை இந்த ஊரில் கிடையாது, அங்கே இருக்கிற ஹெட்போன் மாதிரி நீங்கள் வாழ்நாளில் போட்டிருக்க மாட்டீர்கள், பெரியவங்களையும் பசங்களையும் அதிலே ஒருமுறை கேட்டு அத்தைக்கு ஒரேயடியாகத் தீர்ப்பு எழுதிவிடலாம் என்றேன். "தீர்ப்பு" என்றதும் எழுந்து சட்டை மாற்றப் போய்விட்டார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, அதற்குள்ளே பெரியவங்க படம் போட்ட அந்தக் கறுப்பு பனியன். வெள்ளைச் சட்டை வழியாக நாலு பேருடைய தலைமுடி மங்கலாகத் தெரிந்துகொண்டிருந்தது. ரிசப்ஷனில் இருக்கிற பெண் என்னிடம், "உங்கப்பா நெஞ்சுல என்ன, ஸ்கேன் எடுத்தாங்களா?" என்று கேட்டாள்.

முதலில் ஹெட்போனைச் சரிபார்க்க வேண்டும் என்று சொல்லி, பீப் சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னேன். இடது காதில் எல்லாம் பிரமாதம். அப்பா ஒவ்வொரு பீப்புக்கும் அழுத்தியதோடு, "ரொம்ப சாஃப்டா இருக்கு, யாருடைய ஆல்பம்?" என்று மைக்கில் விமரிசனமும் சொன்னார். பிறகு வலது காதுக்கு மாற்றினேன். அழுத்தவில்லை. கூட்டினேன். அழுத்தவில்லை. இன்னும் கூட்டினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அப்பா பொத்தானைக் கையில் பிடித்துக்கொண்டு, ஏதோ இனிமேல்தான் ஆரம்பிக்கப் போகிறது என்பது போல எனக்குச் சிரித்துக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அத்தை, எத்தனையோ பேர் அப்படிக் காத்திருந்து பார்த்திருக்கிறேன். அன்றைக்கு மட்டும் குமிழைத் திருப்ப என் கைக்குக் கொஞ்சம் நேரமாயிற்று.

டாக்டரம்மா வந்து பார்த்தார். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தபோது மொட்டை மாடி மோட்டார் ரூமில் எந்தப் பக்கம் நின்று வேலை பார்ப்பீர்கள் என்று கேட்டார். அப்பா எழுந்து நின்று செய்தே காட்டினார்: இடது கை சுவரில், வலது காது மோட்டார் பக்கம். "வருஷக்கணக்கா மோட்டார் உங்களுக்கு மட்டும் பாடியிருக்கு" என்றார் டாக்டரம்மா. அப்பா யோசித்துவிட்டு, "அதுவும் நல்லாத்தான் இருந்தது" என்றார்.

வலது காதுக்குக் கருவி ஒன்றை மாட்டிப் பார்க்கலாம் என்றேன். "காது மிஷினா? எனக்கா? வயசானவங்க போடறதாச்சே" என்றார். பாட்டுக் கேட்க மட்டும்தான் என்று சத்தியம் செய்து மாட்டிவிட்டு, மேலே ஹெட்போனை வைத்தேன். நான் இன்னும் எதையும் போடவில்லை. கருவி ஹெட்போனில் உரசி வீலென்று ஒரு விசில் கிளப்பியது. அப்பா கையைத் தட்டி, "ஆகா, எடுப்பே அமர்க்களம்! இது பசங்களா?" என்றார். அது மிஷின்ப்பா என்று சொல்லி, சரிசெய்து, அவருக்கு மனப்பாடமான பெரியவங்களின் முதல் ஆல்பத்தை ஓடவிட்டேன்.

தலை வழக்கம் போல ஆட ஆரம்பித்தது. பிறகு நின்றது. கண்ணைத் திறந்தார். ஹெட்போனைக் கழற்றி, தன் வலது தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தார். அங்கே சுவர்தான் இருந்தது. மறுபடி மாட்டினார், மறுபடி திரும்பிப் பார்த்தார். பிறகு மைக்கில் ரொம்ப ரகசியமாகக் கேட்டார்:

"இங்க இன்னொருத்தர் வாசிக்கிறாரு. யாரு இது?"

"ரெண்டாவது கிட்டார்காரர்ப்பா."

"போட்டோவுக்கு நின்னவரா?"

"ஆமாம்பா."

"மறுபடியும் முதல்லேர்ந்து போடு."

போட்டேன். மூன்றாவது தடவை கேட்டு முடித்தபோது அழுதாரா என்று கேட்காதீர்கள். மூக்கைத் துடைத்துக்கொண்டார், அறையில் ஏ.சி. ஜாஸ்தி. அந்தக் காலத்துப் பதிவில் ஒரு கிட்டாரை முழுக்க இடது பக்கமும் இன்னொன்றை முழுக்க வலது பக்கமும் தள்ளி வைப்பார்கள் என்று சொன்னேன். பிறகுதான் அந்த டேப் ரெக்கார்டர் விஷயம் வெளியே வந்தது. சின்ன வயதில் உங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே டேப் ரெக்கார்டர், ஒரே இயர்போன். ஒரு முனை அவருக்கு, ஒரு முனை உங்களுக்கு. கட்டிலில் அவர் இந்தப் பக்கம், நீங்கள் அந்தப் பக்கம். அவருக்கு எப்போதும் இடது, உங்களுக்கு எப்போதும் வலது. மாற்றிக்கொள்ளலாம் என்று ஒருநாள்கூடத் தோன்றவில்லையாம், வயர் முறுக்கிக்கொள்ளுமாம். "அப்ப வாலு இந்த ஆளைத்தான் கேட்டுட்டிருந்தாளா? இத்தனை வருஷமா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!" என்றார். இத்தனை வருஷமாக நீங்கள் வேறு எதையுமே சொன்னதில்லை என்பதை நினைவுபடுத்தினேன். "சொன்னா, சொன்னா. இல்லாத ஆளைப் பத்தி சொல்றான்னு நினைச்சேன்" என்றார்.

இன்னொன்றும் எனக்குத் தோன்றியது. நீங்கள் வேலையில் போன் ஹெட்செட்டை இடது காதில் மாட்டுகிறவர். பாட்டுக்கு வலது காதுதான். ஆக, நீங்களும் அப்பாவின் ஆளை, இடப்பக்கத்து முதல் கிட்டார்காரரை, சரியாகக் கேட்டிருக்க மாட்டீர்கள். ஆளுக்குப் பாதிக் குழுவைக் கேட்டுவிட்டு, முழுக் குழுவுக்காகவும் சண்டை போட்டிருக்கிறீர்கள். இதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

தீர்ப்பு பாக்கி இருக்கிறதே என்று அப்பாவே பசங்களைப் போடச் சொன்னார். சண்டைக்கு முன்னால் நீங்கள் அப்பாவுக்கு அனுப்பிய அதே பாட்டு. இரண்டு காதாலும் கேட்டார். பாதியில் கையை நீட்டி, "இவங்க ரெண்டு பேரும் பேசிக்கிறாங்க பாரு. இவரு ஒண்ணு கேக்கறாரு, அவரு பதில் சொல்றாரு, நடுவுல ரெண்டு பேரும் ஒண்ணா சிரிக்கிறாங்க. ஒத்தைக் காதுல கேட்டா கேள்வி மட்டும்தான் வருது, அதான் டைப்பு மாதிரி இருந்திருக்கு" என்றார். பிறகு எழுந்து வெள்ளைச் சட்டையைச் சரிசெய்துகொண்டு, எனக்கும் டாக்டரம்மாவுக்கும் ரிசப்ஷன் பெண்ணுக்கும் பொதுவாக அறிவித்தார்: "பசங்க ஈடு கொடுக்கிறாங்க. என் தங்கச்சி சொன்னது சரி." ரிசப்ஷன் பெண் எதற்கும் இருக்கட்டும் என்று கையைத் தட்டினாள்.

பெரியவங்களுக்குப் பசங்க ஈடாவார்களா என்று நீங்கள் இருவரும் என்னை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறீர்கள், ஒவ்வொரு தடவையும் நான் டீ போடப் போய்விடுவேன். இப்போது கேட்பார் இல்லாததால் சொல்கிறேன். பெரியவங்க ஆரம்பித்தபோது அவர்களை யாரோடும் ஒப்பிட ஆளில்லை. தப்பாக வாசித்தால்கூட அது தப்பு என்று சொல்ல யாருக்கும் தெரியாது. பசங்க பாவம், முதல் கம்பியைத் தொடும்போதே அப்பா மாதிரி ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அப்படியும் வாசிக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிதாகத்தான் படுகிறது. ஆனால் அந்தப் பழைய ஆல்பத்தில், அடுத்து எங்கே போவது என்று தெரியாமல் ஒரு நொடி எல்லோரும் நின்றுவிட்டுப் பிறகு ஒன்றாகக் கிளம்புகிற இடம் ஒன்று இருக்கிறதே, அது இனி யாருக்கும் வராது என்றும் தோன்றுகிறது. வழி தெரிந்தவர்களால் அப்படி நிற்க முடியாது. இதற்கு மேல் நான் யோசிக்கவில்லை. வேலைக்குப் போகும் பஸ்ஸில் நானும் பசங்களில் ஒரு குழுவைக் கேட்பேன். எது என்று கேட்காதீர்கள். சொன்னால் அது எனக்கு மட்டும் உரியதாக இருக்காது, உங்கள் சண்டைக்கு இன்னொரு தலைப்பாகிவிடும்.

ஆக, அத்தை, உங்கள் அண்ணன் தோற்றுவிட்டார். முழுசாக, சந்தோஷமாகத் தோற்றுவிட்டார். நீங்களே போன் பண்ணிச் சொல்லுங்கள் என்றால், "எந்த முகத்தை வெச்சுக்கிட்டு? நீ எழுது. எழுதினா அவ நடுவுல பேச மாட்டா" என்கிறார். அவர் சொல்லி நான் எழுதுவது இவ்வளவுதான்: ஒன்று, ரெண்டாவது கிட்டார்காரர் இருக்கிறார். இரண்டு, போட்டோவுக்கு நின்றவர் என்று சொன்னது தப்பு. மூன்று, டிக்கெட் இன்னும் இருக்கிறதா? மூன்றாவதைச் சொல்லும்போது செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். கச்சேரிக்கு வந்தால் இருவரும் காதடைப்பான் போட்டுக்கொள்ள வேண்டும், ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நிற்கக் கூடாது. இது என் உத்தரவு, வீட்டு உறவாக அல்ல, தொழில்முறையில்.

மாமாவுக்கு என் வணக்கம். அம்மா உங்களுக்கு அன்பைச் சொல்லச் சொன்னார், கூடவே தபால் ஆபீஸ் வேலையிலிருந்து ஓய்வு கேட்டிருப்பதாகவும் சொல்லச் சொன்னார். உங்கள் முழங்கால் குணமாகி, மேடைக்கு முன்னால் குதிக்காவிட்டாலும் நிற்கும் அளவுக்காவது வலுவாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு,

உங்கள் பிரியமுள்ள
அண்ணன் மகள்

பி.கு.: கடிதத்தை உறையில் போட்டு, ஸ்டாம்ப் வாங்க மறந்து, என் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். அதற்குள் அம்மா போனில் உங்களிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாராம். அதற்கப்புறம் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பது உங்களுக்கே தெரியும், இருந்தாலும் கடிதம் அரைகுறையாக இருக்கக் கூடாது என்பதால் எழுதுகிறேன். வேலை நேரத்தில் ஹெட்செட்டை வலது காதுக்கு மாற்றி, இயர்போனை இடது காதில் மாட்டி, அப்பாவின் ஆளை முதல் தடவையாகக் கேட்டிருக்கிறீர்கள். கார் கேட்டு எத்தனை பேர் தெருவில் நின்றார்களோ, நீங்கள் நேராக இங்கே போன் போட்டீர்கள். "அண்ணா, உன் ஆளு இப்படி வாசிப்பாருன்னு ஏன் எங்கிட்ட சொல்லல?" அப்பா, "வேற என்னடி சொன்னேன் இத்தனை வருஷமா?" என்றார். இரண்டு நிமிஷம் இருவரும் அவ்வளவு பிரியமாகப் பேசினீர்கள், அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மூன்றாவது நிமிஷம் நீங்கள், "பசங்க எத்தனை பேர் வந்தாலும் பெரியவங்க கால்தூசிக்கு ஆவாங்களா? என் ஆளே உன் ஆளுக்கு நிழல் மாதிரி" என்றீர்கள். அப்பா, "பசங்களைச் சும்மா சொல்லாத வாலு. எனக்கென்னமோ அந்த முதல் ஆளுதான் போட்டோவுக்கு நின்னவரோன்னு இப்ப சந்தேகமா இருக்கு" என்றார்.

ஆகவே மேலே சண்டை பற்றி எழுதிய இடங்களில் "அப்பா" என்பதை "அத்தை" என்றும், "அத்தை" என்பதை "அப்பா" என்றும் மாற்றிப் படித்துக்கொள்ளவும். தோற்றவர் யார் என்ற வரியை அடித்துவிடவும். டிக்கெட் பற்றிய வரியை மட்டும் மாற்ற வேண்டாம், அப்பா பெட்டியை எடுத்துவிட்டார். மேடைக்கு வலப்பக்கம் நிற்பதா இடப்பக்கம் நிற்பதா என்று இப்போதும் ஹாலில் உங்களோடு கத்திக்கொண்டுதான் இருக்கிறார், போனை மிஷின் மாட்டிய வலது காதில் வைத்துக்கொண்டு.